சம்சாரம் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
விஜய வருஷம், ஆவணி மாதம்.

அம்பாசமுத்திரம் மகாராஜராஜஸ்ரீ நயினார் பிள்ளை அத்தான் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை வடிவாம்பாளின் புருஷனும், தந்தி ஆபீஸில் ரிட்டயராகி மகன் நிழலில் ஒண்டியிருப்பவனுமான நெல்லையப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் மழையும் நானும் ஒருவாறு இருக்கிறோம். அவ்விடத்தில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவர்கள், சௌக்கியத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. கவரில் போட்டிருக்கலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த தபால்காரர் இந்தத் தெருவுக்கு வாய்த்தது என் ஜாதக விசேஷம். "முப்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு என் தங்கையை மூட்டை கட்டி அனுப்பினீரே, அவளிடம் என்ன குற்றம் கண்டீர்? கேட்டால் டாக்டர் உத்தரவு என்கிறாள். பெண்டாட்டியைப் பத்தியத்தில் தள்ளச் சொன்ன டாக்டர் எவனய்யா?" என்று தாங்கள் கேட்டிருந்ததை அவர் முழுக்க வாசித்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அத்தான், சத்தியமாகச் சொல்லுகிறேன், நான் அவளைத் தள்ளி வைக்கவில்லை. அவளை எனக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். ஏன் அனுப்பினேன், என் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் திருப்பிக் கேட்கிறேன் என்பதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், என் மகன், தங்கள் மருமகன் திரவியத்தைப் பஸ் ஏற்றிவிட நானும் வடிவும் தம்பானூர் போயிருந்தோம். பயல் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் தலைகாட்டுவான். பஸ் நின்றது நின்றபடி நிற்க, தம்பானூர் மெல்லப் புறப்பட்டுப் போக ஆரம்பித்தது. லாட்ஜுகள், வாழைக்குலைகள், நனைந்த குடைகள் எல்லாம் வரிசையாக என்னைத் தாண்டிப் போயின. சத்தமே இல்லை. ரொம்ப அழகாகக்கூட இருந்தது. நான் அதற்கெல்லாம் கையாட்டி வழியனுப்பினேனாம், வடிவு சொல்லித்தான் தெரியும். அப்புறம் அவள் என்னைத் தாங்கிப் பிடித்து ஒரு ஜட்காவில் ஏற்றி, சாலைக் கடைத்தெருவுக்கு அப்பால் இருக்கும் டாக்டர் பத்மநாபன் தம்பியிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் தங்கமான மனுஷர், அதில் சந்தேகமில்லை. வடிவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் முறையாக இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, "வெள்ளைக்காரன் போயில்லே, பிள்ளே? இனி நமுக்கு எந்தினு இங்கிலீஷ்? நான் தமிழ் பறயும்" என்றார். மதராஸில் படித்த காலத்தில் ஹோட்டல் சர்வர்களிடம் கற்ற தமிழாம். சரி, ஒரு மலையாளி நம் பாஷைக்கு இவ்வளவு மரியாதை செய்யும்போது நான் விட்டுக்கொடுக்கலாமா? "எனிக்கும் மலையாளம் நல்லவண்ணம் அறியும்" என்று ஒரு போடு போட்டேன். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதே, தெரியாதா பின்னே? அதற்குப் பிறகு அவர் மலையாளத்தையே தமிழ் என்று நினைத்துப் பேச, நான் தமிழையே மலையாளம் என்று நினைத்துப் பேச, இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அளவில்லாத பிரியம் உண்டாகிவிட்டது.

கையில் துணியைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, கொல்லம் தந்தி ஆபீஸுக்கு நான் அனுப்பிய ஒரு கல்யாணத் தந்தி சாவுத் தந்தியாகப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மிண்டாதே" என்றார். மிண்டாதே என்றால் பேசாதே என்று எனக்குத் தெரியும். ஆகவே கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். பிறகு, "எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டேன். "கொறச்சு கூடுதல்" என்றார். குறைச்சலா, கூடுதலா என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். உடனே, இந்த ஊரில் கொறச்சு என்றால் கொஞ்சம் என்று ஞாபகம் வந்தது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது, அத்தான். "நம்பர் என்ன டாக்டர்?" என்றேன். "அது நிங்ஙள் அறியண்டா" என்றார். ஊரார் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் அவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டவன் நான். என் ரத்தத்தின் நம்பர் எனக்குத் தெரியக்கூடாதாம். என்ன அநியாயம் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தாங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மூணு காரியம். உப்பு குறைக்கணும். இந்தக் குளிகை விழுங்கணும். மூணாமத்தது முக்யம், கேட்டோ? சம்சாரம் குறைக்கணும்" என்றார்.

நான் சட்டைக் கையை இறக்கிவிட ஆரம்பித்தேன்.

"சம்சாரம் கூடியால் பிரஷர் கூடும். நிங்ஙளுக்கு சம்சாரம் வளரே கூடுதலாணு."

"டாக்டர், எனக்கு ஒரே ஒரு சம்சாரம்தான்" என்றேன்.

"ஒண்ணாயாலும் நீளம் கூடுதல் அல்லே?"

வெளியே பெஞ்சில் இருப்பவளை வரும்போதே அளவெடுத்துவிட்டார் போலிருக்கிறது. "ஆமாம் டாக்டர், அவர்கள் குடும்பத்தில் எல்லாருமே நல்ல உயரம்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ராத்திரி சம்சாரம் தீரே பாடில்லா" என்றார். அறவே கூடாதாம். எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. வயது ஐம்பத்தெட்டு ஆகிறது, இதையெல்லாம் ஒருவரிடம் உட்கார்ந்து பேசும்படி ஆகிவிட்டதே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. "வீட்டில் மாத்ரம் அல்ல, புறத்தும் வேண்டா. அயல்வீட்டு சம்சாரமும் வேண்டா" என்றார். சிவ சிவா! இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "டாக்டர், எனக்கு அந்தப் பழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது!" என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டி உட்கார வைத்து, "விஷமிக்கண்டா, விஷமிக்கண்டா" என்றார். நான் எப்போது விஷமம் செய்தேன், சொல்லுங்கள்? "எல்லாம் நிறுத்தண்டா. அத்யாவசியத்துக்கு மாத்ரம் சம்சாரம் ஆகாம். மருந்தைக் காட்டிலும் அதாணு மருந்து" என்று முடித்துவிட்டார்.

கம்பவுண்டர் ஜன்னலில் மாத்திரைக்காக நின்றபோது என் மனசு என் வசத்தில் இல்லை. அதனால்தான் அந்தக் கம்பவுண்டரோடு கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வடிவிடம் எப்படிச் சொல்லுவேன்? வீட்டுக்கு வந்து, காபி குடித்து, காபியைப் பற்றிப் பேசி, மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னேன். அவள், "டாக்டர் என்ன வார்த்தை சொன்னாரு? அதை அப்படியே சொல்லுங்க" என்று கேட்டாள். அப்படியே சொன்னேன். நீளத்தையும் சொன்னேன். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். முதுகு குலுங்கியது. முப்பது வருஷமாகச் சோறு போட்டவளை இப்படி அழ வைத்தேனே பாவி என்று நானும் கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் திரும்பி வந்து, முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவும் அவகாசம் கொடுக்கவில்லை. மறுநாளே பெட்டி கட்டிவிட்டாள். மகனிடம் கேட்கலாம் என்றால், பெற்ற பிள்ளையிடம் கேட்கிற விஷயமா இது?

அவளை ரயிலேற்றிவிட்டு வந்ததில் இருந்து நான் விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்பதே சரியாகத் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை சர்ப்பகந்தி வேரில் செய்ததாம். உப்பில்லாத கஞ்சியைக் குடித்து அதை விழுங்கினால், மத்தியானம் கண் தானே சொருகிவிடும். வெளியே ஓட்டின்மேல் மழை பெய்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த மழை தந்திக் கருவியின் கட்கட சத்தமாக மாறிவிடும். நான் பழைய மேஜையில் உட்கார்ந்திருப்பேன். அம்பாசமுத்திரத்தில் இருந்து வடிவு தந்தி கொடுக்கிறாள். நான் ஒரு வார்த்தையை எழுதுகிறேன், அடுத்ததை எழுதுவதற்குள் முந்தையது நனைந்து கரைந்து காகிதத்தை விட்டு வடிந்துவிடுகிறது. கடைசி வரைக்கும் அவள் என்ன சொன்னாள் என்று தெரிவதே இல்லை. இன்னொரு நாள் நாங்கள் இரண்டு பேரும் செங்கோட்டை ரயிலில் போகிறோம். மலைக் குகைக்குள் வண்டி நுழைகிறது, நுழைந்தது வெளியே வரவே இல்லை. பெட்டியில் வேறு யாருமில்லை. அந்தக் கோடியில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருக்கிறாள், இந்தக் கோடியில் இருந்து நான் எதையோ விரிவாகச் சொல்லுகிறேன். அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லை என்று சிரிக்கிறாள். விழித்துப் பார்த்தால் நான் பாயில் கிடந்து உத்தரத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

பகலில் பேச யாருமில்லை, அத்தான். அடுத்த வீட்டு சுசீலாபாய் அம்மாள் வடிவுக்கு ரொம்ப வேண்டியவள். அவளிடம்தான் இவள் மலையாளம் பழகினாள். "வடிவம்மா எப்போ வரும்?" என்று அவள் வேலியோரம் நின்று கேட்டால்கூட, அயல்வீட்டுச் சம்சாரம் கூடாது என்ற உத்தரவை நினைத்து, பதில் சொல்லாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிடுகிறேன். அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ, இப்போது வேலிப்பக்கம் வருவதே இல்லை. காக்கை ஒன்று அடுக்களை ஜன்னலில் வந்து மூக்கைத் துடைத்துக்கொள்ளுகிறது, 'ஏளா வடிவு, இங்கே வந்து பாரேன்' என்று வாய் திறக்கிறேன், திறந்த வாயை மூடிக்கொள்ளுகிறேன். எதிர்வீட்டுத் தென்னையில் இடி விழுந்து மட்டை மட்டும் கருகியது. பால்காரனின் எருமை கோவில் குளத்தில் இறங்கிவிட்டுக் கரையேற மாட்டேன் என்று அடம்பிடித்தது. இதையெல்லாம் நான் யாரிடம் சொல்லுவேன்? ஒரு விஷயத்தைப் பார்த்து, அதை அவளிடம் சொல்லி, அவள் 'அப்படியா' என்று சொன்னால்தான் அது நடந்ததாக எனக்கு ஆகிறது. இப்போது இந்த ஊரில் எதுவுமே நடக்காததுபோல இருக்கிறது.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனேன். துணியைச் சுற்றி, பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வளரே நல்லது! இறங்கிப் போயி! பிள்ளே, சம்சாரம் குறைச்சோ?"

"குறைச்சாச்சு டாக்டர். அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிட்டேன்."

"அம்பாசமுத்திரத்துக்கோ!" என்று அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நல்ல தமாஷ். இப்போ மனசிலாயோ? சம்சாரம் இல்லாதபோ எந்தொரு சுகம்!"

ஒருத்தன் வீடு இருண்டு கிடப்பதில் இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, "இனிமேல் திருப்பிக் கூப்பிடலாமா டாக்டர்?" என்று கெஞ்சினேன். அவர் யோசித்து, "கொறச்சு ஆகாம். தினம் அரை மணிக்கூர் சம்சாரம் ஆகாம். அதில் கூடுதல் வேண்டா" என்றார். தினம் அரை மணி நேரத்துக்கு மட்டும் அம்பாசமுத்திரத்தில் இருந்து பெண்டாட்டியை வரவழைக்கிற ரயில் எந்தக் கம்பெனியில் ஓடுகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குப் பேசுகிற பழக்கமே விட்டுப்போய்விட்டது.

திரவியம் வந்திருந்தபோது பிரஷர் இறங்கிய சேதியை மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட்டுவிட்டுப் போனான். அவன் போன பிறகு வெகு நேரம் யோசித்துப் பார்த்தேன். பாதரசம் இறங்கிவிட்டது, வாஸ்தவம். டாக்டர் சொன்னபடி அவள்தான் காரணம் என்றும் ருசுவாகிவிட்டது. அவள் திரும்பி வந்தால் ஏறும், ஏறினால் ஒரு நாள் நான் போய்விடுவேன். அத்தான், போனால் போகட்டும்! அந்தப் பாதரசம் குழாயை உடைத்துக்கொண்டு மச்சுக்கு ஏறினாலும் சரி. இப்படி இறங்கிய ரத்தத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட, அவள் இருக்கிற வீட்டில் ஏறிய ரத்தத்தோடு இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகிறேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அவள் இல்லாமல் முடியவில்லை. அவள் வரமாட்டேன் என்றால், என் உயிருக்குப் பயந்துதான் சொல்லுவாள். தாங்கள் அண்ணன் என்ற அதிகாரத்தில் கண்டித்து ரயிலேற்றிவிட வேண்டும். டாக்டருக்கு நான் ஜவாப் சொல்லிக்கொள்ளுகிறேன்.

மதினிக்கு என் வணக்கம். சின்னவனுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசீர்வாதம், இரண்டு பேரும் நன்றாகப் படித்துப் பெரிய உத்தியோகம் பார்த்து நூறு வயசு இருக்க வேண்டும். தங்கள் கோபம் தணிந்து, வடிவும் நானும் சேர்ந்து ஒரு நாள் தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்படி காந்திமதியம்மை அருள் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
நெல்லையப்பன்.

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டியோடு வடிவு இறங்கினாள். தாங்களே ரயிலேற்றி விட்டீர்களாமே, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் பெட்டியை வாங்கி உள்ளே வைப்பதற்குள் மேஜைமேல் கிடந்த இந்தக் கடிதத்தை எடுத்து முழுக்க வாசித்துவிட்டாள். 'நல்ல உயரம்' என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை.

"சம்சாரம்னா இந்த ஊர்ல பேச்சுல்லா" என்றாள்.

பேச்சு! நீளமான பேச்சு. ராத்திரிப் பேச்சு. அயல்வீட்டாரோடு பேச்சு. நான் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றதை நினைத்தால் அந்தக் கடைத்தெருப் பக்கமே இனிமேல் நான் போக முடியாது. முப்பது வருஷம் மற்றவர்களுடைய வார்த்தையை ஓர் எழுத்துப் பிசகாமல் வாங்கிக் கொடுத்தவன் ஐயா நான்! "உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்றேன்.

"தெரியாமயா? நீங்க கம்பவுண்டர்கிட்ட கதை பேசிக்கிட்டு நின்னீயல்லா, அப்போ உள்ளே போயி நானே டாக்டர்கிட்ட கேட்டேன். நம்பரையும் சொன்னாரு. இப்படியே ஓயாம பேசிக்கிட்டிருந்தா தலையில ரத்தக்குழாய் வெடிச்சாலும் வெடிச்சிரும்னாரு. பேசாதீயன்னு நான் சொன்னா கேப்பீயளா? ஏன் பேசக்கூடாதுன்னு அரைநாள் பேசுவீய. நீங்களே வார்த்தையைத் தப்பா எடுத்துக்கிட்டு வந்து நின்னீய. சரி, அதுவும் நல்லதுக்குத்தான்னு பெட்டியைக் கட்டிட்டேன். நான் எதுக்க இருக்குற வரைக்கும் உங்க வாய் அடங்காது. அது எனக்குத் தெரியும்லா?"

"அத்தான்கிட்டகூடச் சொல்லலியே, ஏளா!"

"அண்ணாச்சிகிட்ட சொன்னா அன்னைக்கே உங்களுக்குக் கார்டு போட்டிருப்பாஹ."

"பிறகு இப்போ ஏன் வந்தே?"

"பிரஷர் எறங்கிட்டுன்னு திரவியம் எழுதியிருந்தான். அதுக்கு மேல அங்க இருக்க முடியல. மதினி நல்லாத்தான் வச்சிருந்தாஹ. ஆனா மத்தியானம் செத்த படுத்தா காதெல்லாம் வெறிச்சுனு கெடக்கு. யாரும் ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி அவசியமில்லை. ஆனாலும் தபாலில் சேர்க்கச் சொல்லுகிறாள், அவளை நான் தள்ளி வைக்கவில்லை என்பது தங்களுக்கு எழுத்தில் இருக்க வேண்டுமாம். குளித்துவிட்டு, தலையை ஈரத்தோடு முடிந்துகொண்டு வந்து என் எதிரே பாயில் உட்கார்ந்து, "டாக்டர் குடுத்த அரை மணி. ஆரம்பிங்க" என்றாள். ஆரம்பிக்கத்தான் பார்க்கிறேன், அத்தான். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தையும் வரமாட்டேன் என்கிறது. கால்மணி போய்விட்டது. அதனால்தான் தலையைக் குனிந்துகொண்டு தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.